மூட்டை விலையில் வாங்க எங்களுக்கும் ஒரு வழி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழில் வாரந்தோறும் வரும் விருதுநகர் சந்தை நிலவரத்தை வியாபாரிகள் மட்டும்தான் படிக்கிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் தெருப் பெண்களும் படிக்கிறோம். துவரம் பருப்பு மூட்டை, கடலை எண்ணெய் 15 கிலோ டின் என்று நீங்கள் போடும் விலையைக் கிலோவுக்கு வகுத்து, தெருக்கடை விலையோடு ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் மாதச் சாமான் வாங்கக் கிளம்புகிறோம்.

நான் வீட்டில் தையல் வேலை பார்க்கிறேன். கணவர் வெல்டர். அக்கம்பக்கத்தில் ஆட்டோ ஓட்டுகிறவர், பூக்கட்டுகிறவர், கொத்தனார் என்று எல்லாருக்கும் அன்றாடக் கூலி அல்லது வாரச் சம்பளம். மொத்தமாக வாங்கினால் மிச்சம் என்று எல்லோரும் சொல்கிறார்கள், உண்மைதான். ஆனால் முதல் தேதியில் கையில் பணம் இருக்கிற வீட்டுக்குத்தான் அந்த மிச்சம் கிடைக்கிறது. 50 கிராம் கடுகுப் பாக்கெட்டைப் பத்து ரூபாய்க்கு வாங்குகிறவர் கிலோவுக்கு 200 ரூபாய் கொடுக்கிறார். அவருக்கு இந்தக் கணக்குத் தெரியாமல் இல்லை. அன்றைக்குக் கையில் இருப்பது பத்து ரூபாய்.

வரியிலும் இதே கதைதான். 2022 ஜூலை 18 அன்று, 25 கிலோ வரை பாக்கெட்டில் அடைத்து லேபிள் ஒட்டி விற்கிற அரிசி, பருப்பு, மாவுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. 25 கிலோவுக்கு மேல் போனால் வரி இல்லை என்றார்கள். கடைகளில் 26 கிலோ அரிசி மூட்டை முளைத்தது அப்படித்தான். மூட்டை வாங்க வசதி உள்ளவருக்கு இல்லாத வரியை ஒரு கிலோ பாக்கெட் வாங்குகிறவர் கட்ட வேண்டும் என்பது எனக்கு இன்றுவரை நியாயமாகப் படவில்லை.

அதனால் நாங்கள் சில குடும்பங்கள் சேர்ந்து மளிகைச் சீட்டு மாதிரி ஒன்று வைத்துக்கொண்டோம். சனிக்கிழமை கூலி வந்ததும் ஒரு அக்காவிடம் பணம் கொடுத்துவிடுவோம், அவர் நோட்டில் குறித்துவைப்பார். மாதம் பிறந்ததும் இரண்டு பேர் கீழமாசி வீதிக்குப் போய் 26 கிலோ இட்லி அரிசி மூட்டை, உளுந்து, பாசிப்பருப்பு, சீரகம், மிளகு எல்லாம் வாங்கி வருவார்கள். ஒரே ஆட்டோ, வாடகையும் பங்கு. வீட்டில் எல்லோர் முன்னிலையிலும் தராசில் நிறுத்துப் பிரிப்போம். எடையை எல்லோரும் பார்ப்பதால் இதுவரை மனக்கசப்பு வந்ததில்லை.

எதை மொத்தமாக வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்பதில்தான் கவனம் வேண்டும். புளியை மாசி, பங்குனியில் புதுப்புளி வரும்போதே வருஷத்துக்கும் வாங்கி, கொட்டை எடுத்து, கல்லுப்புப் போட்டு மண்பானையில் அடைத்துவிடுவோம். ராமநாதபுரம் முண்டு வத்தலும் அந்தச் சமயத்தில்தான் வரத்து அதிகம். அதை நன்றாகக் காயவைத்து, மல்லியோடு சேர்த்து மில்லில் திரித்துக்கொள்வோம். பருப்பை ஒரு நாள் வெயில் காட்டி ஆறவைத்துத்தான் டப்பாவில் போட வேண்டும். சூட்டோடு மூடினால் வியர்த்துக் கெட்டுவிடும். அரிசியில் வசம்புத் துண்டு போட்டால் வண்டு அண்டாது. ரவை, கடலை மாவு, நிலக்கடலை மட்டும் அந்தந்த மாதத்துக்குத்தான். ரவையில் சீக்கிரம் புழு வைக்கும், கடலையில் சிக்கு வாடை வந்துவிடும். எண்ணெயையும் டின்னாக வாங்குவதில்லை. ரேஷனில் 25 ரூபாய்க்கு ஒரு லிட்டர் பாமாயிலும் 30 ரூபாய்க்கு ஒரு கிலோ துவரம் பருப்பும் கிடைக்கிறபோது, அதை வாங்கியபிறகு குறைவதற்குத்தானே கணக்குப் போட வேண்டும்? இன்னொன்று, வீட்டில் நிறைய இருந்தால் கை தாராளமாகிவிடும். வாரத்துக்கு வேண்டியதைச் சின்ன டப்பாவில் எடுத்து வைத்துக்கொண்டு அதிலிருந்து மட்டும் புழங்குவது நல்லது.

பெரிய பாக்கெட் என்றாலே மலிவு என்றும் நம்ப முடியாது. ஷாம்பு பல சமயம் பாட்டிலை விடச் சின்னப் பாக்கெட்டில்தான் மலிவு. ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம் இருக்கும். அதே உயரப் பாக்கெட்டில் 850 கிராம், 800 கிராம் என்றும் வருகிறது. ஒரு கிராம் அல்லது ஒரு கிலோ என்ன விலை என்பதையும் பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அச்சிடுகிறார்கள், ஆனால் கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்தில். கடைக்காரர்கள் அந்த விலையை அலமாரியிலேயே பெரிதாக எழுதி ஒட்ட வேண்டும் என்று அதிகாரிகள் சொல்ல வேண்டும்.

உங்களிடம் ஒரு கோரிக்கை. சந்தை நிலவரத்தில் மூட்டை விலைக்குப் பக்கத்தில் கிலோ விலையையும் போடுங்கள். வகுத்தல் கணக்குப் போடத் தயங்குகிறவர்களும் உடனே ஒத்துப் பார்த்துக்கொள்வார்கள்.

கூட்டுறவுத் துறையிடமும் ஒன்று கேட்கிறேன். பண்டிகைக் காலத்தில் கூட்டுறவுப் பண்டகசாலைகளில் மளிகைத் தொகுப்பு விற்கிறார்கள், வரவேற்கிறோம். ஆனால் எங்களுக்குச் செலவு மாதாமாதம் இருக்கிறது. மகளிர் சுய உதவிக் குழுவோ, எங்களைப் போலச் சேர்ந்துகொண்ட குடும்பங்களோ முன்கூட்டியே பட்டியல் கொடுத்தால், மாதம் ஒரு நாள் மொத்த விலைக்குச் சரக்குக் கொடுக்க ஏற்பாடு செய்யலாமே. எடை போட்டுப் பிரிக்க ஆள் இல்லை என்றால் அந்த வேலையை நாங்களே பார்த்துக்கொள்கிறோம். மூட்டையை மூட்டை விலைக்குக் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஜெய்ஹிந்துபுரம், மதுரை