கூரை இல்லாத ஹொக்கி வேடிக்கைக் காட்சி அல்ல

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் விளையாட்டுப் பக்கத்தில் திறந்தவெளி ஐஸ் ஹொக்கி பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். ஹொக்கிக்கு நம் பத்திரிகைகளில் அரைப்பக்கம் கிடைப்பதே அபூர்வம், அதனால் தலைப்பைப் பார்த்ததும் சந்தோசமாக இருந்தது. ஆனால் வட அமெரிக்காவின் தொழில்முறை ஹொக்கி லீக்கான என்.எச்.எல். வெளியில் நடத்தும் ஆட்டங்கள் எல்லாம் ரிக்கெற்றும் ஜேர்சியும் விற்பதற்கான வேடிக்கை, அவை ஆட்டத்தின் தரத்தைக் கெடுக்கின்றன என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

முதலில் ஒரு திருத்தம். 2008இல் பஃபலோவில் நடந்ததுதான் என்.எச்.எல்.லின் முதல் திறந்தவெளி ஆட்டம் என்று எழுதியிருந்தீர்கள். புதுவருடத்தை ஒட்டி வெளியில் நடத்தும் வின்டர் கிளாசிக் என்ற பெயரில் அதுதான் முதலாவது. ஆனால் அதற்கு நாலு வருடத்துக்கு முன்பே, 2003 நவம்பர் 22 அன்று, எட்மன்டன் கொமன்வெல்த் அரங்கில் அந்த ஊர் அணியான ஒயிலர்ஸும் மொன்றியல் கனேடியன்ஸும் லீக் ஆட்டம் ஒன்றைத் திறந்த வானத்தின் கீழே ஆடிவிட்டார்கள். 57,167 பேர் வந்தார்கள். குளிர் மறை 18 பாகை அளவில் இருந்தது. மொன்றியல் கோல் காப்பாளர் ஹொசே தியோடோர் தன் முகக்கவசத்துக்கு மேலே கம்பளித் தொப்பியை மாட்டிக்கொண்டு நின்றார். கனேடியன்ஸ் 4-3 என்று வென்றது. அதே நாள், அதே ஐஸில், ஓய்வுபெற்றிருந்த ஹொக்கி நட்சத்திரம் வெய்ன் கிரெட்ஸ்கி முன்னாள் வீரர்களோடு ஒயிலர்ஸ் உடுப்பில் இறங்கி ஆடினார். கனடாவில் தொடங்கிய ஒன்றை அமெரிக்காவின் கணக்கில் எழுதிவிடக் கூடாது என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

இனி என் கதைக்கு வருகிறேன். 2014 ஜனவரி 1ஆம் திகதி மிச்சிகனில் ஆன் ஆர்பர் என்ற ஊரில் ரொறொன்ரோ மேப்பிள் லீஃப்ஸும் டிட்ரொயிட் ரெட் விங்ஸும் மோதிய ஆட்டத்துக்கு நானும் என் மகனும் போயிருந்தோம். அவனுக்கு அப்போது 12 வயது. உண்மையில் அந்த ஆட்டம் 2013 புதுவருடத்துக்கே நடக்க வேண்டியது. அந்தப் பருவத்தில் வீரர்களுக்கும் லீக்குக்கும் ஒப்பந்தத் தகராறு வந்து, ஆட்டம் ஒரு வருடம் தள்ளிப்போனது. மகன் அந்த ஒரு வருடமும் நாள் எண்ணினான். விடிய முன்னம் ஸ்காபரோவில் புறப்பட்டு, 401 நெடுஞ்சாலையில் வின்சர் வரை போய், எல்லை கடந்து, 400 கிலோமீற்றருக்கு மேல் ஓடினோம். வழியெல்லாம் பனி. அரங்குக்குக் கிட்டப் போனபோது கார்கள் அசையவே இல்லை. நாங்கள் உள்ளே ஏறி உட்காரும்போது ஆட்டம் தொடங்கிவிட்டது.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அந்த அரங்கு நிலத்தைத் தோண்டிக் கட்டியது. வெளியில் நின்று பார்த்தால் அவ்வளவு பெரிது என்று தெரியாது. வாசலால் நுழைந்தவுடன் கீழே ஒரு பள்ளத்தாக்கே விரிகிறது. அன்று அறிவித்த கணக்கு 105,491 பேர். எங்கள் இருக்கையிலிருந்து ரிங்க் என்கிற ஐஸ் ஆடுகளம் ஒரு கரம் பலகை அளவில்தான் தெரிந்தது. ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் சிவப்பு, எல்லார் தோளிலும் பனி.

அதுவரைக்கும் எனக்கு ஹொக்கி புரிந்ததே இல்லை. வீட்டில் மகன் ரிவி பார்க்கும்போது பக் என்ற அந்தச் சின்ன வட்டு எங்கே போகிறது என்று என் கண்ணுக்கு அகப்படாது. அன்று ஐஸின் மேல் பனி விழுந்துகொண்டே இருந்தது. பக் அந்தப் பனியில் சிக்கி மெதுவானது, சில வேளை நடுவழியில் நின்றேவிட்டது. ஆட்டம் நிற்கும்போதெல்லாம் ஆட்கள் பனி தள்ளும் சவளோடு ஓடி வந்து ஐஸைத் துப்புரவாக்கினார்கள். ஒவ்வொரு குளிர்காலமும் வேலைக்குப் போக முன்னம் வீட்டு வாசலில் நான் செய்கிற அதே வேலை. உங்கள் கட்டுரையாளர் தரம் கெட்ட ஆட்டம் என்று சொல்வது இதைத்தான். பக் மெதுவாக ஓடியதால்தான் யார் யாருக்குக் கொடுக்கிறார், மற்றவர் எங்கே போய்க் காத்து நிற்கிறார் என்று எனக்கு முதல்முறையாகத் தெரிந்தது. நிலத்தோடு உருட்டிக் கொடுத்தால் பனியில் நிற்கும் என்று கண்டு வீரர்கள் பக்கை மேலே தூக்கிக் கொடுக்கத் தொடங்கினார்கள். கைகால் விறைக்கும் குளிரில், ஆட்டத்தின் நடுவிலேயே ஆடும் விதத்தை மாற்றுவதும் திறமைதானே?

முதல் கோல் டிட்ரொயிட்டின் டானியல் அல்ஃபிரெட்சனுடையது. இரண்டாம் பகுதி முடிய ஒரு நிமிடம்கூட இல்லாதபோது ஜேம்ஸ் வான் ரீம்ஸ்டைக் சமன் செய்தார். மூன்றாம் பகுதியில் ரைலர் போசாக் எங்களை முன்னுக்குக் கொண்டுபோக, ஜஸ்ரின் அப்டெல்கேடர் மறுபடி சமன் செய்தார். அந்தப் பகுதியின் நடுவில் ஆட்டத்தை நிறுத்தி இரண்டு அணியும் பக்கம் மாறின. காற்றும் பனியும் ஒரே அணிக்குச் சாதகமாகக் கூடாது என்பதற்காக அப்படி ஓர் ஏற்பாடு. கடைசியில், சமநிலையை முறிக்க ஒவ்வொருவராக வந்து கோலுக்கு அடிக்கும் ஷூட்டவுட்டில் போசாக் அடித்த கோலில் 3-2 என்று வென்றோம். மகன் என்னைக் கட்டிப்பிடித்ததில் என் கண்ணாடி பனிக்குள் விழுந்தது. தேடி எடுக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

தேடித் தந்தவர் பக்கத்தில் இருந்த டிட்ரொயிட் ரசிகர், எழுபது வயதிருக்கும். முதல் பகுதியிலேயே மகனின் கை நடுங்குவதைக் கண்டு கை சூடாக்கும் பைக்கற் இரண்டு கொடுத்திருந்தார். 1993இல் பிளேஓஃப் தொடரின் ஏழாவது ஆட்டத்தில், ஓவர்டைம் என்ற மேலதிக நேரத்தில், லீஃப்ஸின் நிக்கொலாய் போர்ஷெவ்ஸ்கி அடித்த கோல் தன் அணியை வெளியே அனுப்பியதை, நேற்று நடந்தது போல வேதனையோடு சொன்னார். அதற்கு மகன், 1942 இறுதிப் போட்டியில் முதல் மூன்று ஆட்டங்களையும் டிட்ரொயிட்டிடம் தோற்ற லீஃப்ஸ் அடுத்த நான்கையும் வென்று கிண்ணத்தைத் தூக்கியதைச் சொன்னான். அவர் சிரித்துக்கொண்டே அவன் தொப்பியைப் பிடித்து இழுத்துவிட்டார். பல வருடம் வேறு வேறு பிரிவில் இருந்து அபூர்வமாகவே சந்தித்த இந்த இரண்டு அணிகளும் 2013இல்தான் மீண்டும் ஒரே பிரிவுக்கு வந்திருந்தன. அந்தப் பழைய பகைக்காகத்தான் அவ்வளவு சனம் குளிருக்குள் வந்து உட்கார்ந்தது. மூன்று வருடம் கழித்து 2017 புதுவருட நாளில் ரொறொன்ரோ பி.எம்.ஓ. மைதானத்திலும் இதே இரண்டு அணிகள்தான். ஆட்டம் முடிய ஒரு செக்கன் அளவு இருக்கையில் டிட்ரொயிட் சமன் செய்ய, ஓவர்டைமில் லீஃப்ஸின் ஓஸ்ரன் மத்தியூஸ் அடித்து 5-4 ஆக்கினார்.

வியாபாரம் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ரிக்கெற் விலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த ஒரு நாளைக்கென்று தனி ஜேர்சி அடித்து விற்றதும் உண்மை. அப்படியென்றாலும் ஹொக்கி கூரைக்குள் பிறந்த விளையாட்டு அல்ல. மொன்றியல் விக்டோரியா ரிங்கில் 1875 மார்ச் 3ஆம் திகதி கூரைக்குக் கீழே ஒழுங்காக ஓர் ஆட்டம் நடப்பதற்கு முன்பே, உறைந்த குளங்களிலும் ஆறுகளிலும் ஆட்கள் தடியோடு ஓடித் திரிந்தார்கள். கிரெட்ஸ்கி பழகியதும் பிரான்ட்ஃபோர்ட் வீட்டின் பின்வளவில் தகப்பன் தண்ணீர் விட்டு உறையவைத்துக் கொடுத்த ஐஸில்தான்.

கட்டுரையாளரோடு நான் ஒத்துப்போகும் இடமும் உண்டு. 2026இல் வின்டர் கிளாசிக்கை வெயில் ஊரான புளோரிடாவின் மயாமிக்கும், இன்னொரு வெளி ஆட்டத்தைத் தம்பாவுக்கும் கொண்டுபோனது எனக்கும் பிடிக்கவில்லை. ஐஸ் போடும் தொழில்நுட்பம் இருக்கிறது, சரி. குளிரூட்டும் இயந்திரம் பூட்டிய ட்ரக் ஒன்றிலிருந்து உறையாத திரவத்தை அலுமினியத் தட்டுகளுக்குள் ஓடவிட்டு, மேலே தண்ணீரைத் தூறலாகத் தெளித்து, மெல்லிய படை படையாக இரண்டு அங்குலத் தடிப்புக்கு ஐஸ் வளர்க்கிறார்கள். ஆனால் வெயிலை அந்த ட்ரக்கால் தடுக்க முடியாது. 2021 பெப்ரவரியில் தாஹோ ஏரிக்கரையில் கொலராடோ, வேகாஸ் அணிகள் ஆடியபோது பகல் வெயிலில் ஐஸ் இளகியது. முதல் பகுதியோடு நிறுத்தி, மிச்சத்தை இருட்டிய பிறகுதான் ஆடினார்கள். புளோரிடாப் பிள்ளைகளுக்கும் ஹொக்கி போய்ச் சேரட்டும், கூரைக்குள் எத்தனை ஆட்டம் வேண்டுமானாலும் ஆடட்டும். வெளி ஆட்டத்தைக் குளிர் உள்ள ஊருக்கும், ஒன்றையொன்று மறக்காத இரண்டு அணிகளுக்கும் விட்டுவிட வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

என் மகன் ஸ்கேட் பண்ணப் பழகியது ஸ்காபரோவில் அல்பேட் காம்பெல் சதுக்கத்தில், நகரசபை போடுகிற திறந்தவெளி ஐஸில். அங்கே கட்டணம் இல்லை. கிளப்பில் சேர்த்து, கவச உடுப்பு எல்லாம் வாங்கிக் கொடுக்க அப்போது எங்களிடம் வசதி இருக்கவில்லை. யாரோ பாவித்த ஸ்கேட் ஒரு சோடியோடுதான் தொடங்கினான். இப்படி எத்தனையோ தமிழ்ப் பிள்ளைகள் பழகியிருப்பார்கள். இந்த ஐஸும் இனி நிச்சயமில்லாமல் போகிறது. ஒட்டாவாவில் ரீடோ கால்வாய் ஸ்கேட்டிங் பாதை 2022-23 குளிர்காலம் முழுவதும் ஒருநாள்கூடத் திறக்கவில்லை. அது தொடங்கியதிலிருந்து அப்படி நடந்தது அதுவே முதல் தடவை. ரொறொன்ரோவின் ரிங்குகளுக்குக் கீழே குளிரூட்டும் குழாய் இருப்பதால் அவை தாக்குப்பிடிக்கின்றன. ஆனால் இளஞ்சூடும் மழையும் வந்தால் அவற்றையும் மூடத்தான் வேண்டியிருக்கிறது. தாயின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த சின்னப் பிள்ளைகள் பூட்டிய வேலிக்கு வெளியே நின்றுவிட்டுத் திரும்பிப் போவதை நான் பார்த்திருக்கிறேன்.

நவம்பர் கடைசியில் ரிங்குகள் திறக்கும். அதற்கு முந்திய இதழில் ஸ்காபரோ, நோர்த் யோர்க், எற்றோபிக்கோ பகுதிகளில் இலவசமாக ஸ்கேட் பண்ணக்கூடிய இடங்களையும் நேரங்களையும் உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் போடுங்கள். எந்த நேரம் ஹொக்கிக்கு, எந்த நேரம் சும்மா ஸ்கேட் பண்ணுகிறவர்களுக்கு என்பதையும் சேர்த்துப் போட்டால் புதிதாக வந்த குடும்பங்களுக்கு உதவியாக இருக்கும். அத்தோடு எட்மன்டன் திருத்தத்தையும் மறக்காமல் வெளியிடுங்கள்.

நன்றியுடன்,
ஸ்காபரோ வாசகி