தேதியை மொதல்ல காட்டுங்க, கையெழுத்தை அப்பறம் கேளுங்க: ஹாலிடே மெம்பர்ஷிப் விக்கிற நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தாருக்கு வணக்கமுங்க.

மொத்தமா ஒரு தொகையைக் கட்டுனா 25 வருசத்துக்கு, வருசம் 6 ராத்திரி உங்க ரிசார்ட்ல தங்கலாம்னு மெம்பர்ஷிப் விக்கறீங்க. அதுக்குன்னு போன ஞாயித்துக்கெழம கோயமுத்தூர் அவிநாசி ரோட்டு ஓட்டல் ஹால்ல நீங்க போட்ட கூட்டத்துல என்ன நடந்துச்சுன்னு உங்க ஆளுங்க ரிப்போர்ட் போட்டிருப்பாங்க, அதனால முழுசா திருப்பிச் சொல்லல. நான் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். போன தீபாவளி வாரத்துலயும் மே மாசத்துலயும் உங்க ஊட்டி ரிசார்ட்ல எத்தனை மெம்பருங்க ரூம் கேட்டாங்க, அதுல எத்தனை பேருக்குக் கெடச்சுது? இதைக் கேட்டதும் பிளானை விளக்கிட்டு இருந்த உங்க சேல்ஸ் தம்பி சிரிச்சுக்கிட்டே இன்னொரு டீ கொண்டாந்து வெச்சாரு. மறுபடி கேட்டதும் மேனேஜர் வந்து உக்காந்தாரு. "அதெல்லாம் மெம்பர் ஆனதுக்கப்பறம் ஆப்ல பாத்துக்கலாம் மேடம், ஆனா இந்த ரேட்டு இன்னைக்கு சாயங்காலம் வரைக்குந்தான்"னு சொல்லிட்டு பேனா மூடியைக் கழட்டி, பேனாவை என் பக்கம் தள்ளி வெச்சாரு. நான் எடுக்கல. எந்திரிச்சு வந்துட்டேன்.

அந்தியூர் குருநாதசாமி கோயில் மாட்டுச் சந்தையில கூட பல்லைப் புடிச்சுப் பாத்து, நாலு எட்டு நடக்க விட்டுட்டுத்தானுங்க துண்டைப் போட்டு விலை பேசுவாங்க. நீங்க 25 வருசத்துக்குப் பணத்தைக் கட்டுனதுக்கப்பறம் பல்லைப் பாருங்கறீங்க.

நான் இவ்வளவு கறாரா கேக்கறதுக்குக் காரணம் எங்கக்கா. அவங்க உங்க மெம்பருங்க, பணமும் முழுசா கட்டி முடிச்சவங்க. மாமாவுக்குத் திருப்பூர்ல பனியன் கம்பெனியில வேல. அங்க சேந்தாப்பல நாலு நாளு லீவுன்னா தீபாவளி, பொங்கல், வேற கெடையாது. மத்த நாள்ல ஷிப்மெண்ட் தள்ளிப்போனா ஞாயித்துக்கெழமையும் சேந்து போயிரும். இது உங்க ஆளுகிட்ட சேரும்போதே சொன்னதுதான், "அதுக்குத்தானுங்க சார் ஃபிளெக்ஸிபிள் பிளானே"ன்னு சொல்லித்தான் வித்தாரு.

போன தீபாவளிக்கு நீங்க சொன்ன மாதிரியே நாலு மாசத்துக்கு முன்னாடி, புக்கிங் தொறந்த அன்னைக்கு வெள்ளெனவே மாமா போனைக் கையில வெச்சுட்டு உக்காந்திருக்காரு. ஊட்டிக்கு வெயிட்லிஸ்ட். சரி, கெடச்சிரும்னு உங்க கஸ்டமர் கேர்லயும் சொல்லிட்டாங்க. அப்பறம் மாசக்கணக்கா ஆப்பைத் தொறந்தா அதே மஞ்சக் கலர் பட்டையில 'உங்கள் கோரிக்கை பரிசீலனையில்'. இதுல என்ன கொடுமைன்னா வெயிட்லிஸ்ட்ல இருக்கறப்ப வேற எடத்துலயும் ரூம் போட முடியாது, ஏன்னா இது கன்பார்ம் ஆயிட்டா அந்தப் பணமும் போயிரும் இந்த நாளும் கழிஞ்சிரும், போடாமயும் இருக்க முடியாது, ஏன்னா இது வரலீன்னா கடைசி வாரத்துல ஊட்டியில ரூம் வெல என்னன்னு உங்களுக்கே தெரியும். ரெண்டுங்கெட்டானா நிக்க வெச்சுட்டு, தீபாவளிக்கு மொத வாரம் 'மன்னிக்கவும், இடமில்லை'ன்னு ஒரு மெசேஜு. பதிலுக்கு நீங்க குடுத்தது ஆகஸ்ட்ல மூணாறு. ஆகஸ்ட்ல மூணாறுல மழை எப்புடிப் பேயும்னு சொல்லணுமா, அது போக ஆகஸ்ட்ல பள்ளிக்கூடம் நடக்குமே, புள்ளைங்கள யாரு கூட்டிட்டுப் போறது? எங்க அமுச்சி, அதான் அம்மாவோட அம்மா, ஊட்டிக் குளிருக்குன்னு ஆசையா வாங்குன கம்பளிக் குல்லா இன்னும் வெலச்சீட்டோட பீரோவுலதான் கெடக்கு. மெம்பருங்க வருசா வருசம் கட்டற மெயின்டனன்ஸ் பில்லு மட்டும் அந்த வருசத்துக்கு ஒரு நாள் தப்பாம வந்துருச்சு, அதுக்கு வெயிட்லிஸ்ட் கெடையாது போல.

அதனாலதானுங்க கேக்கறேன், நாங்க போக முடியற தேதிக்கு ரூம் கெடைக்குமாங்கறத கையெழுத்துக்கு முன்னாடி காட்டுங்க.

"யூஸ் பண்ணாத நாளை அடுத்த வருசத்துக்குத் தள்ளிக்கலாம்"னு பெருமையா சொன்னீங்க. அடுத்த வருசமும் தீபாவளி ஒரு வாட்டிதான வரும்? தள்ளித் தள்ளி நாளுதான் சேரும், அந்த வாரத்துல ரூம் எண்ணிக்கை கூடாதே. இன்னொண்ணு, ஒரு ரூமுக்கு பெரியவங்க ரெண்டு பேரு, சின்னப் புள்ளைங்க ரெண்டு பேருன்னு போட்டிருக்கீங்க. எங்க பக்கம் ஊருக்குப் போறதுன்னா அமுச்சியை விட்டுட்டா போவாங்க? ரெண்டு ரூமு எடுத்தா உங்க ஆறு ராத்திரி மூணாயிருது.

அக்கா வீட்டுக்குப் பக்கத்துல பேங்க்ல ரிட்டயர் ஆன ஒரு வயசான தம்பதி இருக்காங்க, அவங்களும் உங்க மெம்பருதான், பிப்ரவரியில செவ்வாக்கெழம பாத்துக் கெளம்புவாங்க, உங்கள ஆகா ஓகோன்னு புகழ்வாங்க. அவங்க சொல்றது பொய்யில்லீங்க. எப்ப வேணா போற ஆளுக்கு எப்ப வேணாலும் ரூம் இருக்கு. அதை அப்படியே சொல்லி வித்தா யாரும் கொறை சொல்லப் போறதில்ல. பள்ளிக்கூடம் போற புள்ள வெச்சிருக்கறவங்களயும் தீபாவளிக்கு மட்டும் லீவு கெடைக்கறவங்களயும் கூப்புட்டு உக்கார வெச்சு அதையே விக்கறதுதான் தப்பு.

எங்க பொழப்பையும் கொஞ்சம் தெரிஞ்சுக்கோங்க. எங்கூரு மாரியம்மன் நோம்பிக்கு, அதான் கோயில் திருவிழாவுக்கு, தேதி முடிவாகறப்ப ரெண்டு மூணு வாரம்தான் பாக்கி இருக்கும். நோம்பியை அறிவிச்சு சாட்டு போட்டு, கோயில்ல கம்பம் நட்டாச்சுன்னா ஊர்க்காரங்க வெளியூர்ல ராத்தங்க மாட்டாங்க. நாலு மாசத்துக்கு முன்னாடி போட்ட புக்கிங்கை அப்ப கேன்சல் பண்ணுனா உங்க ரூல்படி அந்த நாளெல்லாம் கழிஞ்சிரும். மாரியாத்தாகிட்ட உங்க கேன்சலேஷன் பாலிசியைக் காட்ட முடியுங்களா?

அதுக்கு மேல ஊட்டிக்கு வண்டியில போக ஆன்லைன்ல அனுமதி வாங்கற இ-பாஸ் வேற. ஐகோர்ட் உத்தரவுப்படி 2024 மே 7லேருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்துருச்சு, 2025 சீசன்ல நீலகிரிக்கு வார நாள்ல 6,000 வண்டி, சனி ஞாயிறுல 8,000 வண்டின்னு அளவும் வெச்சுட்டாங்க. கோர்ட்டு சொல்றது மலைக்கு நல்லதுதான், அதுல எனக்குக் கொறையில்ல. ஆனா ரூமுக்கு நாலு மாசம் முன்னாடி நின்னு அப்பறம் பாஸுக்கும் நிக்கணும்ங்கறத உங்க ஆளு ஒரு வார்த்தை சொல்லல. பெரிய டிவியில பனி மூடுன தேயிலத் தோட்டத்தை மட்டும் திருப்பித் திருப்பிப் போட்டாங்க. மேட்டுப்பாளையம் தாண்டுனா வர்ற தோட்டம், நாங்க பாக்காததா?

கணக்கு எழுதறதுதான் என் வேல, அதனால உங்க பேப்பர்லயே போட்டுப் பாத்தேன். 5 லட்சம், 18 சதவீதம் ஜிஎஸ்டியோட 5,90,000. வருசத்துக்கு 6 ராத்திரி, 25 வருசத்துக்கு 150 ராத்திரி, ஆக ராத்திரிக்கு 3,900 சொச்சம். உங்க ஆளு அங்கயே நிறுத்திக்கிட்டாரு. மெயின்டனன்ஸ் வருசத்துக்கு 20,000, அதை ஆறால வகுத்துக் கூட்டுனா 7,200ஐ தாண்டிருது. அந்த 5,90,000ஐ 7 சதவீத வட்டிக்குப் போட்டா வருசத்துக்கு 41,300 வரும், மெயின்டனன்ஸ் காசையும் அதுல சேத்தா ராத்திரிக்கு 10,000 ரூவா ரூம்லயே தங்கலாம், மொதலும் கையிலயே நிக்கும். 7,500 வரைக்கும் வாடகை இருக்கற ரூமுக்கு 2025 செப்டம்பர்லேருந்து ஜிஎஸ்டியும் 5 சதவீதந்தான். "வாடகை ஏறுமே மேடம்"னாரு. ஏறட்டுங்க, உங்க மெயின்டனன்ஸும்தான ஏறுது. நெசமாச் சொல்றேன், காசு கொஞ்சம் கூடப் போனாலும் பரவால்ல, கேட்ட தேதிக்கு ரூம் கெடைக்கும்னா வாங்கிருவேன். அதைத்தான காட்ட மாட்டேங்கறீங்க.

ஐரோப்பாவுல 2008ல போட்ட விதிப்படி டைம்ஷேர்ல, அதான் இந்த மாதிரி லீவு மெம்பர்ஷிப்ல, கையெழுத்துப் போட்டவங்க காரணமே சொல்லாம 14 நாளுக்குள்ள ரத்து பண்ணிக்கலாம், அந்த 14 நாளும் ஒரு பைசா அட்வான்ஸ் வாங்கக் கூடாது. இங்க கார்டைத் தேய்ச்சுட்டுத்தான் அக்ரிமெண்டையே கண்ணுல காட்டறீங்க. மால்ல, பெட்ரோல் பங்க்ல, 'லக்கி டிரா'ன்னு ஒரு சீட்டுல போன் நம்பரை எழுதி வாங்கறது, ஜோடியா வந்தாத்தான் கிஃப்ட்டுன்னு சொல்றது, வந்தா மூணு மணி நேரம் எந்திரிக்க விடாம சத்தமாப் பாட்டைப் போட்டு 'இப்பத்தான் ஒருத்தர் சேந்தாரு'ன்னு கைதட்டறது. இது லீவு விக்கற எடமா ஏலக்கடையான்னு தெரியல. கோவமா எழுதறேன்னு நெனைக்காதீங்க, இதுக்கு மேல மரியாதையாவே கேக்கறேன்.

தயவு பண்ணி, சேரச் சொல்லிக் கூப்புடற ஒவ்வொருத்தருக்கும் போன வருசத்து தீபாவளி, பொங்கல், மே மாசம், கால் பரீட்சை லீவு இந்த நாளுங்கள்ல எந்த ரிசார்ட்ல எத்தனை பேரு கேட்டு எத்தனை பேருக்குக் கெடச்சுதுங்கற கணக்கை எழுத்துல குடுங்க. வெயிட்லிஸ்ட்டுக்கு ஒரு கெடு வெச்சு, கெடைக்காதுன்னா குறைஞ்சது ரெண்டு மாசம் முன்னாடியே சொல்லிருங்க, வேற வழியாச்சும் பாத்துக்குவாங்க. ரூமே குடுக்க முடியாத வருசத்துக்கு மெயின்டனன்ஸ் கேக்காதீங்க.

உங்க அக்ரிமெண்ட்ல வழக்குன்னா உங்க ஆபீஸ் இருக்கற ஊர்லதான்னு போட்டிருக்கீங்க. 2019 நுகர்வோர் சட்டப்படி நாங்க குடியிருக்கற மாவட்டத்துலயே புகார் குடுக்கலாம்னு எனக்கும் தெரியும், நுகர்வோர் உதவிக்கான 1915 போன் நம்பரும் தெரியும். அக்காவும் மாமாவும் அதைத்தான் யோசிச்சுட்டு இருக்காங்க. அந்த அளவுக்குப் போகாம அவங்களுக்கு வர்ற தீபாவளிக்கு ஒரு பதிலைச் சொல்லிருங்க, ஆகஸ்ட் மூணாறு வேண்டாமுங்க.

எனக்கு அந்தக் கணக்கை அனுப்பிவிடுங்க, பாத்துட்டு சேரறதா வேண்டாமான்னு சொல்றேன். அது வரைக்கும் எங்கம்மா நம்பருக்குக் கூப்புட்டு "உங்க பொண்ணு ஆஃபரை மிஸ் பண்ணிட்டாங்க"ன்னு சொல்றத நிறுத்திக்கோங்க, அவங்க என்னமோ ஏதோன்னு பயந்துக்கறாங்க.

இப்படிக்கு,
பெருந்துறையிலருந்து, இன்னும் உங்க மெம்பர் ஆகாத ஒரு பொம்பள