எட்டு லட்டும் ஒரு பெயரும்: பாட்டுப் போட்டிக் குழுவினருக்குத் திறந்த மடல்

குழந்தைகள் பாட்டுப் போட்டியை நடத்திய பெரியவர்கள் அனைவருக்கும்,

வணக்கம். எந்தப் போட்டி, எந்த மண்டபம், யார் நடுவர் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். ஈரம் பட்டு உப்பிப்போன பழைய புத்தகம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் மேசை முன்னால் அரை மணி நேரம் நின்றாரே ஒரு கிழவர், அது நான்தான். அதற்கப்புறம் இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை. அதனால் மூன்றாவதை எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நான் கேட்பது ஒன்றுதான். நீங்கள் அச்சடித்துக் கொடுத்த பாட்டுத்தாளில், வட்டமான தட்டு, எட்டு லட்டு, கிட்டு, பட்டு என்று வருகிற பாட்டின் கீழே ‘நாட்டுப்புறப் பாடல்’ என்று போட்டிருக்கிறீர்கள். அதை அடித்துவிட்டு ‘அழ. வள்ளியப்பா’ என்று போடுங்கள்.

என் பேத்திக்கு ஐந்து வயது, யு.கே.ஜி. போன வருஷம் வரை அவளுக்கு ‘ட’ வராது. தட்டைத் ‘தத்து’ என்பாள், பாட்டியைப் ‘பாத்தி’ என்பாள். அந்த லட்டுப் பாட்டைப் பாடிப் பாடித்தான் நாக்கு மடங்கியது. ஏறக்குறைய வரிக்கு வரி ‘ட்டு’ வந்து விழுகிற பாட்டு அது. ஓசைக்காக மட்டும் எழுதியதும் இல்லை. எட்டில் பாதி அண்ணன் கிட்டுவுக்கு, மீதி தங்கை பட்டுவுக்கு, கடைசியில் காலித் தட்டு என்று கணக்கும் சுத்தமாக முடியும். பையனுக்கு ஒன்று கூட, பெண்ணுக்கு ஒன்று குறைய என்று அந்தக் காலத்திலேயே அவர் வைக்கவில்லை. எழுதியவர் பேங்க்கில் வேலை பார்த்தவர், கணக்கு உதைக்குமா?

பாட ஆரம்பிக்கும் முன் கைகூப்பி, எழுதியவர் பெயரைச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குப் பழக்கியவன் நான். அன்றைக்கு மேடையில் ஏறி, “எழுதியவர் அழ. வள்ளியப்பா” என்று கணீரென்று சொன்னாள். ‘ழ’ கூட சரியாக வந்தது. அப்போது உங்கள் நடுவர் மைக்கை வாங்கி, “பாப்பா, இது யாரும் எழுதினது இல்ல, நம்ம பாட்டி காலத்துலேர்ந்து பாடிட்டு வர்றது. தெரியாம பேரெல்லாம் சொல்லக் கூடாது, சரியா?” என்றார். அவர் சிரித்துக்கொண்டு, அன்பாகத்தான் சொன்னார். மண்டபமும் சிரித்தது.

குழந்தை என்னைப் பார்த்தாள். அப்புறம் பாடினாள். கிட்டுவுக்கு நாலு லட்டு கொடுத்தாள். பட்டுவின் முறை வந்தபோது நின்றுவிட்டாள். எத்தனை என்று மறந்துபோய், விரலை விட்டு எண்ணி, “மூணு” என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டாள். அதற்கும் சிரித்தார்கள்.

ராத்திரி படுக்கும்போது கேட்டாள்: “தாத்தா, அந்தப் பேரு நீயா சும்மா சொன்னதா?”

எழுந்து விளக்கைப் போட்டு அந்தப் புத்தகத்தை எடுத்துக் காட்டினேன். ‘மலரும் உள்ளம்’, எனக்குப் பள்ளிக்கூடத்தில் பரிசாக வந்தது. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் எங்கள் வீட்டு ஓட்டைப் பிய்த்துக்கொண்டு போனபோது நனைந்த அலமாரியில் இருந்த புத்தகம். பாதிப் பக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. பெயர் இருக்கிற பக்கம் மட்டும் எப்படியோ பிழைத்தது. அவள் அந்த ‘அ’வையும் ‘ழ’வையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். வழக்கமாக அந்த இரண்டு எழுத்தைப் பார்த்தால் “ஏன் தாத்தா அழணும்?” என்று சிரிப்பாள். அவருடைய அப்பா பெயர் அழகப்பன், அதில் முதல் இரண்டு எழுத்தும்மா என்று நானும் நூறு தடவை சொல்லியிருப்பேன். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. “மைக்ல சொன்னாங்களே” என்றாள், அவ்வளவுதான். மைக்கில் பேசியவருக்கும் நனைந்த புத்தகத்துக்கும் சண்டை வந்தால் ஐந்து வயதுப் பிள்ளை யாரை நம்பும்?

மறுநாள் உங்களிடம் வந்தேன். புத்தகத்தை நீட்டினேன். அதைத் திறக்காமலே, “சின்னப் பிள்ளைங்க பாட்டுதானே சார், இதைப் போய்ப் பெரிசு பண்றீங்களே” என்றீர்கள்.

அந்த ‘தானே’தான் என்னை எழுத வைத்தது. தானே புயலாவது ஓட்டோடு போயிற்று.

புதுக்கோட்டைப் பக்கம் ராயவரத்தில் 1922-இல் பிறந்தவர் வள்ளியப்பா. பள்ளிப்படிப்போடு சென்னைக்கு வந்து, ‘சக்தி’ பத்திரிகை அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 1944-இல் 23 பாட்டோடு முதல் தொகுப்பைக் கொண்டுவந்தார். பகலில் பேங்க் வேலை, மிச்ச நேரமெல்லாம் பிள்ளைகளுக்கான எழுத்து. பெரியவர்களுக்குக் கதை, நாவல் எழுதிப் பெயர் வாங்க முடியாமலா அவர் பாப்பாக்களுக்கு எழுதினார்? பிள்ளைகளுக்கு எழுதுகிறவர்கள் ஒன்றுசேர வேண்டும் என்று 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தை ஆரம்பித்தார். பேங்க்கை விட்டு ஓய்வு பெற்ற பிறகும் சும்மா உட்காராமல் ‘கோகுலம்’ சிறுவர் பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்தார். 1989 மார்ச்சில் மதுரைப் பல்கலைக்கழகத்தில், குழந்தை இலக்கியத்தைப் பாடமாக வைக்க வேண்டும் என்று பேசிவிட்டு உட்கார்ந்தவர் அப்படியே மயங்கி விழுந்தார். அதோடு போய்விட்டார். சின்னப் பிள்ளைகள் பாட்டுதானே என்ற பேச்சுக்குக் கடைசி மூச்சு வரை பதில் சொன்ன மனிதர் அவர். அவரைப் பற்றித்தான் நீங்கள் அதே வார்த்தையைச் சொன்னீர்கள்.

நாட்டுப்புறப் பாடல் மட்டம் என்று நான் சொல்லவில்லை. வயலிலும் தொட்டில் பக்கத்திலும் பிறந்த பாட்டுக்குப் பெயர் தெரியாது, அதனால் போடுவதில்லை. பெயர் தெரிந்தவரின் பெயரை எடுப்பது வேறு. பாப்பா பாட்டுக்குக் கீழே பாரதியார் பெயரைப் படத்தோடு போட்டிருக்கிறீர்களே! நல்லவேளை. இங்கிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம் புதுச்சேரிக்கு. அங்கே இருந்த காலத்தில் அவர் எழுதியது அது. மீசையும் தலைப்பாகையும் இல்லாதிருந்தால் அவரும் நாட்டுப்புறம் ஆகியிருப்பாரோ என்னவோ.

அதே தாளின் பின்பக்கத்தில் விளம்பரம் கொடுத்தவர்களின் பெயர் ஒன்று விடாமல் இருக்கிறது. நகைக்கடை, நர்சரி, ஒரு பல் ஆஸ்பத்திரி. கலரில், போன் நம்பரோடு. லட்டுப் பாட்டுக்குப் பின்னால் பல் டாக்டர், பொருத்தம்தான், குறை சொல்ல முடியாது. பிள்ளைகளுக்குப் பாட்டு எழுதியவர் பெயருக்குத்தான் இடம் இல்லை. செல்போனில் ஓடுகிற பொம்மைப் படங்களும் இப்படித்தான். பொம்மையை ஆடவிட்ட கம்பெனியின் பெயர் பாட்டு முடியும்வரை மூலையில் மின்னும், எழுதியவர் பெயர் எங்கும் வராது. இத்தனைக்கும் இது கடலூர். சிறுவர் நூலுக்காக 2014-இல் பால சாகித்திய புரஸ்கார் வாங்கிய ஆயிஷா நடராசன் வாழ்கிற ஊர். ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் யார் எழுதியது என்று அவர் சொல்லியிருக்க மாட்டாரா?

சரி, எங்கேயோ போய்விட்டேன். கோபத்தை மன்னிக்கவும். வெயிலில் அலைந்து, நன்கொடை கேட்டு, மண்டபம் பிடித்து, நூறு குழந்தைகளை மேடை ஏற்றுவது லேசான காரியம் அல்ல என்பது தெரியும். உங்களை நான் குறைத்துப் பேசவில்லை. நடுவர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. பரிசு வேண்டாம். அவள் வாங்கிய ஆறுதல் பரிசு டிபன் பாக்ஸே போதும், மூடிதான் சரியாக மூடவில்லை.

அடுத்த போட்டிக்கும் அதே தாளைத்தான் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அனுப்பும் முன் அந்த ஒரு வரியைத் திருத்துங்கள். ஏற்கெனவே அச்சாகிவிட்டது என்றால் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து குத்தினாலும் போதும். ஸ்டாம்ப் செலவை நான் தருகிறேன், வந்து குத்தியும் தருகிறேன்.

முடிந்தால் இன்னொரு உதவி. “நீ சொன்ன பெயர் சரிதான்” என்று என் பேத்திக்கு ஒரு கார்டு போடுங்கள். விலாசம் என் முதல் கடிதத்தில் இருக்கிறது. அவள் இப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். கொஞ்சம் பெரிய எழுத்தாக எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாத்தா,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.