மீமை உரித்துவிட்டுத் தேடு

அன்பு மகளுக்கு, வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

அரபி அகராதி வாங்கிவிட்டாய், சந்தோஷம். ஆனால் ‘மக்தபா’வை மீம், அதாவது ‘ம’, எழுத்தில் தேடிவிட்டு, இல்லையென்று அதைத் திட்டினால் எப்படி? உன்னிடம் இருப்பது வேர்ச்சொல் அகராதி. மீம் அங்கே முன்னால் வந்து ஒட்டிக்கொண்டது. அதை உரித்தால் காஃப், தா, பா என்று மூன்று மெய் மிஞ்சும். காஃபில் தேடு. எழுதுகிறவர் காதிப், எழுதப்பட்டது மக்தூப், எழுதும் இடமாக இருந்து அலுவலகம் ஆனது மக்தப், புத்தகம் கிதாப், பல இருந்தால் குதுப், அவை இருக்கும் இடம் மக்தபா. எல்லாம் ஒரே வீட்டில் கிடக்கும்.

உன் அகராதி பரவாயில்லை. 8ஆம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த கலீல் இப்னு அஹ்மத் செய்த அகராதி, தொண்டைக்குள் பிறக்கும் ஐன் என்ற எழுத்தில் தொடங்கி உதட்டை நோக்கி வரும். அதில் ஒரு சொல்லைத் தேடியிருந்தால் தெரிந்திருக்கும்!

நாம் ‘படி’யை வைத்துக்கொண்டு படிப்பு, படிப்பாளி என்று வாலில் ஒட்டிக்கொண்டே போவோம். அரபியில் வேருக்கு உள்ளேயே உயிர் புகுந்து புறப்படும். மூன்று மெய்யின் வரிசை மட்டும் மாறாது. யாப்பில் தேமா, புளிமா என்று வாய்பாடு சொல்கிறோமே, அதேபோல அவர்கள் ‘ஃபஅல’, அதாவது செய்தான், என்பதை வைத்து வாய்பாடு சொல்வார்கள். செய்கிறவர் ஃபாஇல், செய்யப்பட்டது மஃப்ஊல், இடம் மஃப்அல். மதரசாவில் நாங்கள் பாட்டாகப் பாடியது இதைத்தான்.

ஷார்ஜாவில் உன் தெருப் பலகைகளைப் பார். குப்ஸ் ரொட்டி வாங்கப் போகிறாயே, அந்தக் கடை மக்பஸ். கா, பா, ஸா வேர், இட வாய்பாடு. அதைச் சுடுகிறவர் கப்பாஸ்: நடு மெய்யை இரட்டித்து நீட்டினால் அதுவே தொழிலாகக் கொண்டவர். தையல்காரர் கய்யாத்தும் தச்சர் நஜ்ஜாரும் இதே அச்சு. சாப்பாட்டுக் கடை மத்அம், சலவைக் கடை மக்ஸலா. பலகையில் மீம் முன்னால் நின்றால் பாதி நேரம் அது ஓர் இடம்தான்.

நம் ஊர்த் தாலுகா ஆபீசிலும் இது உண்டு, தெரியுமா? நவாப் காலத்துக் கச்சேரிப் பாரசீகம் வழியாக வந்த சொற்கள். விளைந்து கிடைத்தது மகசூல், அதில் வரி வசூலிப்பது தாசில், இரண்டுக்கும் வேர் ஹா, ஸாத், லாம். சட்டம் அமலுக்கு வருவதும், வழக்கமாய் நடப்பதால் மாமூல் ஆனதும் ஒரே வேர். (மாமூலுக்கு நம்மவர்கள் கூட்டிய பொருளை உனக்கு நான் சொல்ல வேண்டாம்.) மக்தூப், மகசூல், மாமூல் மூன்றையும் உரக்கச் சொல், ஒரே தாளம். கோர்ட்டில் ஆஜர் ஆவதும் ஊர் கூடிக் கொடுக்கும் மகஜரும்கூட உறவுதான்; அரபியில் ஹாளிர், மஹ்ளர். ரமளான் ரம்ஜான் ஆன அதே வழியில் ‘ள’ இங்கே ‘ஜ’ ஆகிவிட்டது.

ஒரு இடத்தில் மட்டும் ஏமாறுவாய். ‘கால’, அதாவது சொன்னான், என்பதில் இரண்டு மெய்தானே தெரிகிறது? நடுவில் இருந்த வாவ் கரைந்து நெடிலாகிவிட்டது. காஃப் (கிதாபில் வருவது அல்ல, அடிநாக்கில் பிறக்கும் மற்றது), வாவ், லாம் என்று தேடு. இப்படி வாவ் அல்லது யா என்ற எழுத்து கரைந்த வேர்கள் நிறைய உண்டு. அவை பழகத்தான் வேண்டும், குறுக்கு வழி கிடையாது. அதற்காகச் சொற்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யாதே. நீ அனுப்பிய நோட்டுப் படத்தில் கிதாப் ஒரு பக்கம், மக்தப் இன்னொரு பக்கம் கிடக்கிறது. ஒரு பக்கத்துக்கு ஒரு வேர் என்று எழுதி வா.

வெளியிலிருந்து வரும் சொல்லையும் இவர்கள் விடுவதில்லை. பேங்க் பல சேர்ந்தால் புனூக், ஃபிலிம் பல சேர்ந்தால் அஃப்லாம். டெலிபோனிலிருந்து நான்கு மெய்யைப் பிடுங்கி, ‘தல்ஃபன’, போன் செய்தான், என்று வினையே செய்துவிட்டார்கள். பெண்ணிடம் ‘போன் செய்’ என்றால் தல்ஃபினீ.

உம்மா நலம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு அப்புறம் தல்ஃபினீ.

வாப்பா