பொருள்: ஏலத்தில் எடுத்த காலாவதி டொமைனைப் பொய்க் காரணம் சொல்லி ரத்து செய்தது தொடர்பாக

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். ஓனர் புதுப்பிக்காமல் விட்ட பெயர்களை விற்கும் உங்கள் காலாவதி ஏலத்தில் எடுத்து, 18% ஜிஎஸ்டியோடு முழுப் பணமும் கட்டிய .காம் டொமைனை (இணையதள முகவரியை), "பழைய ஓனர் ரினியூ பண்ணிட்டார்" என்று சொல்லி ரத்து செய்திருக்கிறீர்கள். டிக்கெட்டுக்கு மேல் டிக்கெட் போட்டும் அதே காப்பி பேஸ்ட் பதில்தான். தயவுசெய்து இதையாவது முழுதாகப் படியுங்கள்.

ஆதாரம் கேட்டால், ரிஜிஸ்ட்ரி (எல்லா .காம் பெயர்களுக்குமான மையப் பதிவேடு) பதிவில் காலாவதித் தேதி ஒரு வருடம் தள்ளிப் போயிருப்பதைக் காட்டுகிறார் உங்கள் ஆள். டொமைன் விற்கிற கம்பெனிக்கு இதை நான் சொல்லித்தர வேண்டுமா? ஓனர் ஒரு பைசா கட்டாவிட்டாலும், காலாவதியானதும் அந்த ரிஜிஸ்ட்ரியை நடத்தும் வெரிசைன் தானாகவே ஒரு வருடம் கூட்டிவிடும். 45 நாளுக்குள் நீங்கள் டெலீட் செய்தால் அந்தக் கட்டணம் உங்களுக்கே திரும்பி வரும். பார்க்க வேண்டியது உங்கள் சொந்தப் பதிவில் உள்ள ரிஜிஸ்ட்ரார் (பெயரை விற்கும் கம்பெனி, அதாவது நீங்கள்) காலாவதித் தேதியை. அது இன்னும் பழைய தேதிதான். பெயர் எந்தத் தளத்துக்குப் போக வேண்டும் என்று சொல்லும் நேம்சர்வரும் உங்கள் பார்க்கிங் பக்கத்துக்கே (காலாவதியான பெயர்களில் நீங்கள் காட்டும் தற்காலிகப் பக்கம்) போகிறது.

இதைச் சொன்னதற்கு, "உங்களுக்கெல்லாம் புரியாது சார், கண்டிஷன்ல இருக்கு, படிங்க" என்று லைனைக் கட் செய்தவர் யார்? உங்களிடம் கால் ரெக்கார்டிங் இருக்குமே, போட்டுக் கேளுங்கள். படித்துவிட்டுத்தான் பேசினேன். ஓனர் ரினியூ செய்தால் ஏலம் ரத்தாகும் என்று இருக்கிறது, சரி. ரினியூ செய்தாரா என்பதுதானே கேள்வி!

ஓனர் பணம் கட்டியிருந்தால் பழைய டிஎன்எஸ் பாதையை (பெயர் முன்பு போன தளத்துக்கே போகும் வழியை) திருப்பித் தர வேண்டும் என்பது, டொமைன் பெயர்களை உலக அளவில் ஒழுங்குபடுத்தும் ஐகேன் அமைப்பின் விதி. தரவில்லை என்றால் விதிமீறல். அவர் கட்டவே இல்லை என்றால் என்னிடம் சொன்னது பொய். இரண்டில் எது?

அதைவிடக் கூத்து, ரத்து செய்த அதே பெயர் இப்போதும் உங்கள் ஏலப் பட்டியலில் நிற்கிறது. என் பணமோ உங்கள் வாலட்டில் கிரெடிட்டாகக் கிடக்கிறது. வாலட்டை யார் கேட்டது? இந்தப் பெயரை நம்பி லோகோ, போர்டு, பில் புக் எல்லாம் அடித்தாயிற்று. லட்சக்கணக்கில் நஷ்டம், தொழிலே முடங்கிப்போனது.

இப்படியே இழுத்தடித்து டெலீட் செய்தால், 30 நாள் ரிடம்ப்ஷன் (பழைய ஓனர் மீட்க விடும் காலம்), 5 நாள் பெண்டிங் டெலீட் (அழிப்பதற்கு முந்தைய காத்திருப்பு), அப்புறம் விடுபட்ட பெயர்களைப் பிடிக்கும் டிராப் கேட்ச் கம்பெனிகள் நொடியில் கொத்திக்கொண்டு போய்விடும். அதற்குள் டொமைனை என் கணக்குக்கு மாற்றிக் கொடுங்கள். ஒரே ரிஜிஸ்ட்ராருக்குள் புஷ் செய்வதுதான் (ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது), வேறு கம்பெனிக்கு மாற்றும்போது கேட்கும் ஆத் கோடுகூடத் தேவையில்லை. முடியாது என்றால் ஓனர் ரினியூ செய்ததற்கான ஆதாரத்தை எழுத்தில் அனுப்பி, பணத்தை நான் கட்டிய கார்டுக்கே திருப்புங்கள்.

நல்லபடியாக முடிந்தால் எனக்கும் நிம்மதி. ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்துவிட்டு, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்குப் போவேன். ஏலத் தகராறை ஐகேன் தீர்க்காது என்பது எனக்கும் தெரியும். டிஎன்எஸ் விஷயத்தை அங்கே தனியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

பில், ரிஜிஸ்ட்ரி பதிவு, உங்கள் பதிவு, ஏலப் பட்டியல் ஆகியவற்றின் ஸ்கிரீன்ஷாட்கள் இணைப்பில் உள்ளன.

இப்படிக்கு,
பணம் கட்டிய வாடிக்கையாளர்