சரிவில் நின்று உதவியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். உங்கள் யாருடைய பெயரும் எனக்குத் தெரியாது. அதனால்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன். உச்சி வெயிலில், முகட்டிலிருந்து இறங்கும் மொட்டைச் சரிவில், பாறையோரமாக ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்து நின்றீர்களே, அந்தப் பெண் நான்தான். இப்போது நலமாக இருக்கிறேன். மறுநாள் பரிசோதித்த மருத்துவரும் பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார். அடிவாரத்தில் பிரியும்போது உங்கள் முகங்களில் கவலை இருந்தது. அது தீரட்டும் என்றுதான் இதை முதலிலேயே சொல்கிறேன்.

மேலே போகப் போகக் குளிரும் என்பது உண்மைதான். ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றின் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. ஆனால் அதே ஆயிரம் மீட்டரில் புற ஊதாக் கதிரின் வலு ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகிறது. மரமில்லாத சரிவில் காலடிப் பாறையும் தான் வாங்கிய சூட்டைத் திருப்பி அடிக்கிறது. விடியுமுன்பே புறப்பட்டிருந்தேன், தொப்பியும் தண்ணீரும் இருந்தன. முகட்டின் மறுபக்கம் இறங்கியதும் காற்று அடியோடு நின்றுபோனது. வியர்வை வழிந்தது, உலரவில்லை. வழிந்து சொட்டிப் போகும் வியர்வையால் உடம்பு குளிராது. தலை கனத்து, குமட்டி, கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. அந்த வெயிலிலும் மேனி சிலிர்த்தது.

அக்கா, முதலில் வந்தது நீங்கள். ‘நல்லாத்தானே இருக்கே?’ என்று கேட்டிருந்தால் ‘ஆமாம், நீங்கள் போங்கள்’ என்று சொல்லியிருப்பேன். மலையில் யாரும் அப்படித்தான் சொல்வார்கள். நீங்கள் கேட்டது வேறு: ‘எங்கிருந்து கிளம்பினே? இனி எந்தப் பக்கமா இறங்கப் போறே?’ எனக்குப் பதில் தெரியும், ஆனால் வாய்க்கு வரத் தாமதமானது. அந்தத் தாமதத்தைக் கவனித்த உடனே உங்கள் முதுகுப்பை தரைக்கு இறங்கிவிட்டது. அப்படிக் கேட்க உங்களுக்குச் சொல்லித் தந்தவர் யாரோ, அவருக்கும் என் நன்றி.

பெரிய பாறையின் நிழலுக்கு என்னை நகர்த்தினீர்கள். படுக்கவைத்துக் கால்களைப் பையின் மேல் தூக்கி வைத்தீர்கள். காலணியைக் கழற்றி, கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வைத்து, மடித்த வரைபடத்தால் விசிறத் தொடங்கினீர்கள். கை வலித்தபோது மறுகைக்கு மாற்றிக்கொண்டீர்களே தவிர நிறுத்தவில்லை. அந்த விசிறல்தான் என்னை மீட்டது என்று உறுதியாக நம்புகிறேன். ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பத்தை உடம்பிலிருந்து கொண்டுபோகும். அது ஆவியாகக் காற்று வேண்டும். மலை தர மறுத்த காற்றை உங்கள் கை தந்தது.

ஈரத்துணிக்கும் என் வாய்க்கும் சேர்த்து நீங்கள் செலவழித்தது உங்கள் வழிக்கென்று சுமந்து வந்த தண்ணீர். அதை ஊற்றும்போது புட்டியில் எவ்வளவு மிச்சம் என்று நீங்கள் ஒருமுறைகூடத் தூக்கிப் பார்க்கவில்லை. கடிகாரத்தைத்தான் பார்த்தீர்கள். ‘அரை மணிக்குள்ள தெளியலேன்னா மீட்புக் குழுவைக் கூப்பிட்டே ஆகணும்’ என்று உங்களோடு வந்த தம்பியிடம் தணிந்த குரலில் சொன்னது என் காதில் விழுந்தது. அதன் காரணத்தைப் பிறகுதான் மருத்துவர் விளக்கினார். வெப்பத் தளர்ச்சி என்றால் நிழலும் குளிர்ச்சியும் கிடைத்த அரை மணிக்குள் ஆள் தேறிவிட வேண்டும். தேறாவிட்டாலோ, பேச்சு குழறினாலோ, அது ஹீட் ஸ்ட்ரோக்காக மாறுகிறது என்றே கொள்ள வேண்டும். உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும் அந்த நிலை உயிருக்கே ஆபத்து. இதெல்லாம் தெரிந்திருந்தும் உங்கள் முகத்தில் பதற்றத்தைக் காட்டாமல் என்னோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தீர்கள்.

விசில் ஊதிய தம்பிக்கு: அலைபேசியில் சிக்னல் இல்லை என்றதும் நீங்கள் ஒரு நொடிகூட வீணாக்கவில்லை. நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடியும் ஆறு. ஆல்ப்ஸ் மலையேறிகளிடமிருந்து உலகமெங்கும் பரவிய ஆபத்துக் குறி அது. கேட்டவர்கள் நிமிடத்துக்கு மூன்று முறை ஊதிப் பதில் தர வேண்டும். கீழேயிருந்து அந்த மூன்று ஒலி வந்தபோது எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. கண்ணில் படாத யாரோ ஒருவருக்கும் அந்தக் கணக்கு தெரிந்திருந்தது!

அந்தப் பதிலை ஊதிவிட்டு ஓடையிலிருந்து தண்ணீர் மொண்டுகொண்டு ஏறி வந்த பெரியவருக்கும் அவர் மகளுக்கும் என் வணக்கம். ஐயா, அந்த வயதில் அந்தச் சரிவை நீங்கள் ஏறி வந்ததை இன்னும் நம்ப முடியவில்லை. உங்கள் பையில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இருந்தது. ‘மடக்கு மடக்கா, மெதுவா’ என்று நீங்களே புட்டியைப் பிடித்துக்கொண்டீர்கள். வியர்வையோடு உப்பும் போகிறது, வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து அதுவே ஆபத்தாகும் என்று பொறுமையாகச் சொன்னீர்கள். அன்றிலிருந்து அந்தப் பொட்டலம் என் பையிலும் இருக்கிறது.

இன்னொன்று. ‘ஏன் தனியா வந்தே?’ என்று உங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. இதற்குத் தனியாக நன்றி சொல்லியாக வேண்டும். தனியாக நடப்பது எனக்கு உயிர். என் மூச்சின் வேகத்தில் ஏறுவதும், நின்ற இடத்தில் நினைத்த நேரம்வரை நிற்பதும் கூட்டத்தோடு வாய்க்காது. அது உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். துவண்டு கிடந்தவளுக்கு அறிவுரை சொல்லாமல் நிழலையும் தண்ணீரையும் மட்டும் தந்தீர்கள்.

இறங்கும்போது அக்கா முன்னே, நான் நடுவில், தம்பி என் பையையும் சேர்த்துச் சுமந்துகொண்டு பின்னே. நிழல் கண்ட இடமெல்லாம் உட்காரவைத்தீர்கள். அடிவாரத்துக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது: நீங்கள் இருவரும் ஏறிக்கொண்டிருந்தவர்கள்! உச்சிக்குப் பெரும்பகுதி தூரம் வந்துவிட்டு, எனக்காகத் திரும்பி, வழிநெடுக அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் வந்திருக்கிறீர்கள்.

அந்தப் பாதையைப் பராமரிப்பவர்களுக்கும் நன்றி. மழைநீர் அரித்துவிடாமல் குறுக்கே கல் பதித்தவர்கள், வழி பிரியும் இடங்களில் கற்குவியல் எழுப்பியவர்கள், யாரையும் நான் பார்த்ததில்லை. தலை சுற்றிக்கொண்டு இறங்கியபோது ஒவ்வொரு படிக்கல்லும் கால் வைக்கத் தோதாக இருந்தது.

என் தோழிக்கும் ஒரு வார்த்தை. வழியையும் திரும்பும் நேரத்தையும் உன்னிடம் எழுதிக் கொடுத்திருந்தேன். மணிக்கு 5 கிலோமீட்டர், 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி கூடுதல் என்று நடைநேரத்துக்கு 1892இல் ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் வகுத்த கணக்கு. அதற்கு மேல் வெயிலுக்காகவும் சேர்த்துப் போட்டிருந்தோம். அந்த நேரம் கடந்ததும் அடிவாரத்துக்கு ஆள் அனுப்பிவிட்டாயே. கீழே ஒரு வண்டி எனக்காகக் காத்திருந்தது உன்னால்தான்.

அக்கா, தம்பி, இந்த மடல் உங்கள் கண்ணில் பட்டால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். விட்டுவந்த அந்த உச்சிக்கு வெயில் தணிந்த பருவத்தில் நீங்கள் மறுபடி போகும்போது நானும் கூட வர ஆசைப்படுகிறேன். மூவருக்குமான தண்ணீரை நான் சுமந்து வருகிறேன்.

அன்புடனும் நன்றியுடனும்,
பாறை நிழலில் நீங்கள் படுக்கவைத்த பெண்