ஒரு மணி ஐம்பது நிமிட ரேகன்ஸ்பர்க்: ஆற்றுக் கப்பல் நிறுவனத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். புடாபெஸ்டிலிருந்து நியூரம்பெர்க் சென்ற உங்கள் செப்டம்பர் மாதக் கப்பலில் நானும் என் அம்மாவும் வந்தோம். டான்யூப் ஆற்றில் தண்ணீர் குறைந்ததால் கப்பல் பாசாவ் நகரிலேயே நின்றதையும், அங்கிருந்து எங்களை ஜெர்மனியின் பழைய நகரான ரேகன்ஸ்பர்க்குக்குப் பஸ்ஸில் கூட்டிப்போனதையும் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதைப் பற்றி நான் எழுதிய மூன்று மின்னஞ்சல்களுக்கும் பதில் இல்லை. ஆனால் வழிகாட்டியின் பேச்சைக் காதில் கேட்க நீங்கள் கொடுத்து, நாங்கள் திருப்பித் தராத ஒலிக்கருவிக்கு 75 யூரோ கேட்டு நேற்று நீங்களாகவே எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் இந்த மடல்.

ஆற்றில் தண்ணீர் குறைந்தது உங்கள் குற்றமில்லை. ஆனால் ஸ்ட்ராபிங்குக்கும் வில்ஸ்ஹோஃபனுக்கும் இடையில் சுமார் 70 கிலோமீட்டர் தூரம் டான்யூபில் தடுப்பணை கிடையாது, மழை பொய்த்தால் பெரிய கப்பல்கள் தட்டி நிற்பது அங்கேதான் என்பது அந்த ஆற்றிலேயே தொழில் செய்யும் உங்களுக்குப் புதிய செய்தியா? 2018இலும் 2022இலும் ஐரோப்பிய ஆறுகள் வற்றியதை நாங்களே தொலைக்காட்சியில் பார்த்தோம். இருந்தும் உங்கள் அட்டவணையில் "ரேகன்ஸ்பர்க்: முழு நாள்" என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. எங்களுக்குக் கிடைத்தது 120 கிலோமீட்டர் பஸ் பயணமும், ஒரு மணி ஐம்பது நிமிட ஊரும்.

அம்மாவுக்கு 71 வயது, முழங்கால் வலி. முப்பது ஆண்டுகள் பள்ளியில் வரலாறு நடத்தியவர். 1146இல் கட்டி முடித்த அந்தக் கல் பாலத்தின் நடுவில் ஐந்து நிமிடம் நிற்க வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. உங்கள் வழிகாட்டியோ எண் பலகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, காலில் வெந்நீர் ஊற்றியதுபோல முன்னால் போய்க்கொண்டிருந்தார். உருளைக்கல் பாவிய தெருவில் அம்மா ஒவ்வோர் அடியாகப் பார்த்து வைத்தார். பாலத்தின் ஏற்றத்தில் கால்வாசி தூரம்கூட ஏறியிருக்க மாட்டோம். காதில் கதை ஓடியது: பாலம் கட்டியவர் பிசாசின் உதவியைக் கேட்டாராம், முதலில் கடக்கும் மூன்று உயிர்கள் உனக்கே என்று வாக்குக் கொடுத்தாராம், பாலம் முடிந்ததும்... அங்கே கரகரவென்று இரைச்சல். பிறகு அதுவும் இல்லை. வழிகாட்டி கருவிக்கு எட்டாத தூரம் போய்விட்டார். அம்மா கருவியைத் தட்டிப் பார்த்துவிட்டு என்னிடம், "அப்புறம் என்ன ஆயிற்று?" என்றார். எனக்கும் தெரியாது.

திரும்பி வந்து பஸ் ஏறினோம். தாமதமாக வந்ததற்குப் பேச்சும் வாங்கினோம். 1663 முதல் 1806 வரை புனித ரோமானியப் பேரரசின் மன்றம் கூடிய பழைய நகர மண்டபம், தேவாலயத்தின் இரட்டைக் கோபுரங்கள் எல்லாம் பஸ் கண்ணாடிக்குப் பின்னால் எங்கோ இருந்திருக்க வேண்டும். தொத்திறைச்சிக் கடை வாசலில் பதினைந்து நிமிடம் நிறுத்த மட்டும் நேரம் இருந்தது. சைவம் சாப்பிடும் எங்களுக்கு அது பேருதவி.

உங்களை மட்டும் சொல்வானேன்? இந்தத் தொழிலே ஊர்களை மளிகைச் சீட்டுப்போல் அடித்துக்கொண்டு போகிற தொழிலாகிவிட்டது. வரிசை வரிசையாகப் பலகைகள், பின்னால் எங்கள் கூட்டம், சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டுச் சலித்துப்போன உள்ளூர்க்காரர்கள். அவர்களிடமும் நீங்கள் ஒரு மன்னிப்புக் கேட்கலாம். சரி, அது வேறு கதை.

நான் கேட்பது பணமல்ல. ஒவ்வோர் ஊரிலும் பயணி தரையில் கால் வைத்து நிற்க உண்மையில் எத்தனை மணி நேரம் கிடைக்கும், தண்ணீர் குறைந்தால் அது எவ்வளவாகும் என்பதை முன்பணம் வாங்குவதற்கு முன்பே எழுத்தில் சொல்லுங்கள். நடக்க முடியாதவர்களுக்கு மெதுவாக நடக்கும் ஒரு குழு வையுங்கள். திரும்பவும் சொல்கிறேன்: நேரத்தை முன்பே எழுத்தில் சொல்லுங்கள். அடுத்த பருவத்தின் அட்டவணை அச்சாகும் முன் இதைத் தயவுசெய்து கவனிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கதையின் முடிவை வீட்டுக்கு வந்துதான் தேடிப் படித்தோம். சேவல், கோழி, நாய் மூன்றையும் முதலில் பாலத்தில் விரட்டிவிட்டுப் பிசாசை ஏமாற்றினார்களாம். அம்மா வெகுநேரம் சிரித்தார்.

ஒலிக்கருவி அவருடைய கைப்பையில் பத்திரமாக இருக்கிறது. என் மின்னஞ்சல்களுக்குப் பதில் வந்த மறுநாள் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பயணி ஒருவர்